பொங்கல் லீவுக்கு பாண்டி டு ஊட்டி ஈவி-ல: குளிர்ல ரேஞ்ச் எவ்ளோ விழும், ஹீட்டர் போடலாமா?

#1 லாசுபேட்டை லோகு (புதுச்சேரி)

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் லீவுக்கு ஊட்டி போறதுனு வீட்ல முடிவாயிடுச்சு. நான், வீட்டுக்காரி, அம்மா, அப்பா, நாலு பேர். வண்டி டாடா நெக்ஸான் கரண்டு கார் (ஈவி), 40.5 யூனிட் பேட்டரி. ரூட் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம், அப்புறம் குன்னூர் வழியா மேல. அவிநாசி வரைக்கும் ஒண்ணும் கவலை இல்ல, வழில சார்ஜர் இருக்கு, டீ குடிச்சிட்டு போட்டுக்கிட்டு போயிடலாம். மலை ஏறுனதுக்கு அப்புறம்தான் பயம். நெட்ல பாக்குற வீடியோ எல்லாம் வெளிநாட்டுக்காரன் பனில நின்னுக்கிட்டு ரேஞ்ச், அதான் ஒரு சார்ஜுக்கு ஓடுற தூரம், பாதியாயிடுச்சுனு பொலம்புறான். நம்ம ஊரு மார்கழில 20 டிகிரிக்கு கீழ போனாலே பேப்பர்ல போடுவான், நமக்கு குளிர்ல வண்டி ஓட்டி பழக்கமே கிடையாது. ஊட்டில ஜனவரி காலைல புல்லு மேல உறைபனி படியும்னு சொல்றாங்க. அம்மாவுக்கு மூட்டுவலி, குளிர் ஆகவே ஆகாது, ஹீட்டர் இல்லாம கூட்டிட்டு போக முடியாது. ஹீட்டர் போட்டா பேட்டரி என்னாகும்? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

#2 டீசல் தாத்தா (பண்ருட்டி)

தம்பி, பேசாம மச்சான்கிட்ட டீசல் வண்டி கேட்டு வாங்கிட்டு போ. வயசானவங்கள வச்சிக்கிட்டு மலை மேல பரீட்சை எழுதாத. குளிர்ல பேட்டரி செத்துடும், உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். 2024 ஜனவரில சிகாகோல கரண்டு காரெல்லாம் சார்ஜ் ஏறாம வரிசையா நின்னத டிவில காட்டுனான்.

#3 சில்வர் பீச் (கடலூர்)

தாத்தா வந்துட்டாரு 😄 லோகு, நான் தினம் மஞ்சகுப்பத்துல இருந்து பாண்டிக்கு டியாகோ ஈவி-ல ஸ்கூலுக்கு போய்ட்டு வரேன். எனக்கு வருஷத்துலயே நல்ல மைலேஜ் கிடைக்கிறது மார்கழி தைலதான், ஏன்னா ஏசி வேலையே இல்ல, கண்ணாடிய லேசா இறக்கி விட்டா போதும். ஐப்பசி கார்த்திகை மழைலதான் அடி வாங்கும், தண்ணி நிக்கிற ரோட்டுல டயர் தண்ணிய தள்ளிக்கிட்டே ஓடணும்ல, எதிர்க்காத்து வேற. ஊட்டிக்கு என் யோசனை, ஹீட்டரே போடாதீங்க. ஸ்வெட்டர், சால்வை, மங்கி குல்லா, முடிஞ்சது.

#4 நெய்வேலி யூனிட் (நெய்வேலி)

தாத்தாவுக்கு மொதல்ல. சிகாகோ மேட்டர் நெசம்தான், 2024 ஜனவரி. ஆனா அங்க அப்போ ஜீரோவுக்கு 20 டிகிரி கீழ எல்லாம் போச்சு. பேட்டரி சூடாகாம ஜில்லுனு சார்ஜருக்கு வந்தா, பேட்டரிய கண்காணிக்கிற கன்ட்ரோலர் (பிஎம்எஸ்) கரண்ட்ட உள்ள விடாது, மொதல்ல செல்ல சூடு பண்ணத்தான் பாக்கும். அது ஒரு பாதுகாப்பு. ஜீரோவுக்கு கீழ வேகமா சார்ஜ் பண்ணா லித்தியம் செல்லோட கிராஃபைட் தகட்டுக்குள்ள போய் உக்காராம மேலயே உலோகமா படிஞ்சிடும், அதுதான் செல்லுக்கு நெஜமான கேடு. ஊட்டில அந்த அளவு குளிர் கிடையாது. விடியக்காலைல தலைகுந்தா மாதிரி பள்ளத்துல ஜீரோவ தொடும், வெயில் வந்தா 15, 20னு ஏறிடும்.

இப்ப லோகு கேள்விக்கு. குளிர்ல ரேஞ்ச் விழுறதுல ரெண்டு கணக்கு இருக்கு, எல்லாரும் ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்புறாங்க.

ஒண்ணு பேட்டரி. உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் குளிர்ல கெட்டியாகும், அயனி நகர்றது மெதுவாகும், உள் எதிர்ப்பு கூடும், அதனால கொஞ்சம் கரண்டு செல்லுக்குள்ளயே சூடா வீணாகும். நம்ம ஊர்ல விக்கிற நிறைய வண்டில எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல், அதுக்கு குளிர் கொஞ்சம் கூடுதலாவே ஆகாது. ஆனா இது நிரந்தர நஷ்டம் இல்ல, கீழ இறங்கி சூடானா பழையபடி வந்துடும். பேட்டரி ஆயுசுக்கு எதிரி யாருன்னா நம்ம சித்திரை வைகாசி வெயில்ல 100 சதவீதம் ஏத்தி வெட்டவெளில நிறுத்துறதுதான், அத யாரும் வீடியோ போட மாட்டாங்க.

ரெண்டாவது ஹீட்டர். அமெரிக்காவுல ஏஏஏ-ங்கற வாகன ஓட்டிகள் சங்கம் 2019ல அஞ்சு மாடல் வண்டிய வச்சு டெஸ்ட் பண்ணாங்க. மைனஸ் 7 டிகிரில ஹீட்டர் போட்டு ஓட்டுனா சராசரியா 41 சதவீதம் ரேஞ்ச் போச்சு. அதே குளிர்ல ஹீட்டர் போடாம ஓட்டுனா 12 சதவீதம்தான். ஆக பெரிய முழுங்கி ஹீட்டர், பேட்டரி இல்ல.

பெட்ரோல் டீசல் வண்டில ஏன் இந்த பிரச்சனை இல்லனா, அந்த என்ஜின் எரிக்கிற எண்ணெய்ல பாதிக்கு மேல சூடாத்தான் வெளிய போகுது, அதுல கொஞ்சம் கேபினுக்கு திருப்பி விட்டா ஓசி ஹீட்டர். மோட்டார் அவ்ளோ சூட்ட வீணாக்காது, அதனால சூட்ட தனியா காசு குடுத்து வாங்கணும். தாத்தா வண்டி வருஷம் 365 நாளும் வீணடிக்குது, ஊட்டில மட்டும் அது உபயோகமா இருக்கு, அவ்ளோதான்.

#5 டீசல் தாத்தா (பண்ருட்டி)

வீணோ விருந்தோ, எனக்கு கால் சூடா இருக்குல்ல. அது போதும்.

#6 லாசுபேட்டை லோகு (புதுச்சேரி)

யூனிட் அண்ணே சூப்பர். ஆனா 41, 12 எல்லாம் மைனஸ் 7ல. எனக்கு 5ல இருந்து 10 டிகிரி இருக்கும்னு வச்சிக்கங்க. யூனிட் கணக்குல சொன்னா புரியும்.

#7 நெய்வேலி யூனிட் (நெய்வேலி)

சொல்றேன், இதுதான் நான் சொல்ல வந்ததே. ஹீட்டர் மணிக்கணக்குல தின்னும், மோட்டார் கிலோமீட்டர் கணக்குல தின்னும். இத மனசுல வச்சிக்கிட்டா மத்தது தானா புரியும்.

நம்ம ஊர் வண்டில பெரும்பாலும் இருக்கிறது பிடிசி ஹீட்டர், அதாவது கரண்ட்டுல சூடாகுற பீங்கான் துண்டுங்க, வாட்டர் ஹீட்டர் மாதிரி கரண்ட்ட நேரா சூடாக்கும். ஆரம்பிக்கும்போது 3 கிலோவாட், அதுக்கும் மேல கூட இழுக்கும், கேபின் சூடானப்புறம் 8 டிகிரி குளிருக்கு 1, ஒன்றரைல நிக்கும். ஒன்றரைனே வச்சிக்கோ. பைபாஸ்ல 80ல போறப்ப ஒரு மணி நேரத்துக்கு வண்டி ஓடவே 11, 12 யூனிட் ஆகும், அதோட ஹீட்டர் ஒன்றரை யூனிட் சேந்தா பெருசா தெரியாது. அதே ஹீட்டர போட்டுக்கிட்டு பொங்கல் கூட்டத்துல சேரிங் கிராஸ்ல இருந்து பொட்டானிக்கல் கார்டன் பக்கம் ஊர்ந்து ஊர்ந்து மணிக்கு 15 கிலோமீட்டர் போனா, ஓடுறதுக்கு ரெண்டு ரெண்டரை யூனிட், ஹீட்டருக்கு ஒன்றரை. மைலேஜ் மீட்டர பாத்தா மயக்கம் வரும், ஐயோ பாதியாயிடுச்சேனு தோணும், ஆனா ஹீட்டரால ஒரு மணி நேரத்துக்கு கூடுதலா போனது ஒன்றரை யூனிட்தான். 40 யூனிட் பேட்டரில அது ஒண்ணுமே இல்ல. அம்மாவுக்கு தாராளமா போடு.

ஜாம்ல மாட்டிக்கிட்டா என்னாகும்னு கேப்பாங்க. பாதி பேட்டரி, அதாவது 20 யூனிட் இருந்தா ஹீட்டர் போட்டுக்கிட்டு நின்ன இடத்துல 12 மணி நேரம் தாண்டும். அதுக்குள்ள ஜாம் க்ளியர் ஆயிடும், இல்ல பொங்கலே முடிஞ்சிடும்.

உனக்கு நெஜமான செலவு ஏத்தம். வண்டி, நாலு பேர், பெட்டி எல்லாம் சேந்து 1700 கிலோ போடு. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி 2240 மீட்டர் வரைக்கும் ஏறணும், சுமார் 1900 மீட்டர் உசரம். அவ்ளோ எடைய அவ்ளோ உசரத்துக்கு தூக்கவே 8.8 யூனிட். அம்பது கிலோமீட்டர் உருள்றது, மோட்டார் நஷ்டம், லைட்டு ஹீட்டர் எல்லாம் சேத்தா 14 யூனிட் பக்கம் வரும். உன் பேட்டரில மூணுல ஒரு பங்குக்கு மேல. மேட்டுப்பாளையத்துல 60 சதவீதத்துக்கு கொறயாம வச்சிக்கிட்டு ஏறு, நிம்மதியா போலாம்.

#8 கிரெனோபிள் பாண்டிக்காரன் (பிரான்ஸ், சொந்த ஊர் முத்தியால்பேட்டை)

கொஞ்சம் லேட்டா வந்தாலும் பரவால்லனு எழுதுறேன். நான் இருக்கிறது ஆல்ப்ஸ் அடிவாரம், நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் குளிர் பொழப்புதான். வண்டி ரெனோ ஸோயி, பழசு, ஆனா அதுல ஹீட் பம்ப் இருக்கு. யூனிட் அண்ணன் சொன்ன பிடிசி ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். ஹீட் பம்ப் உங்க வீட்டு ஏசிய திருப்பி போட்ட மாதிரி, வெளி காத்துல இருக்கிற சூட்ட உறிஞ்சி உள்ள தள்ளும், ஒரு யூனிட்டுக்கு ரெண்டு மூணு யூனிட் சூடு கிடைக்கும். மைனஸ் 10க்கு கீழ போனா அதுக்கும் மூச்சு வாங்கும். புது வண்டி வாங்குறவங்க மலை ஊர்ல குடியிருந்தா இத கேட்டு வாங்குங்க, பாண்டில இருக்கறவங்க இதுக்குனு கூட காசு குடுக்க வேணாம்.

இங்க நாங்க செய்யறது என்னனா, கிளம்புறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி, சார்ஜர் ப்ளக்க கழட்டாம, ஆப்ல இருந்து ஹீட்டர போட்டுடுவோம். அந்த மொத 3 கிலோவாட் இழுவை வீட்டு கரண்டுல போயிடும், பேட்டரிய தொடாது. கண்ணாடில இருக்கிற ஐஸும் உருகிடும், சுரண்ட வேணாம். சார்ஜும் ராத்திரி 10 மணிக்கே முடியற மாதிரி வைக்காம, விடிய கிளம்புற நேரத்துக்கு முடியற மாதிரி டைமர் வைப்போம், சார்ஜ் ஏறும்போது பேட்டரி கொஞ்சம் சூடாகும்ல, அந்த சூட்டோட கிளம்பலாம்.

சில்வர் பீச் அக்கா, ஹீட்டரே போடாதனு சொன்னது நீங்க ஒண்டியா ஓட்டும்போது சரி. நாலு பேர் மூச்சு விட்டா அஞ்சு நிமிஷத்துல கண்ணாடி பூரா ஆவி கட்டிடும். ஊட்டி மூடுபனில ஹேர்பின் பெண்டுல கண்ணாடி தெரியலனா ரேஞ்ச வச்சு என்ன பண்றது? ஆவி போகணும்னா ஏசியும் ஓடணும், ஹீட்டரும் ஓடணும். ஏசி ஈரத்த எடுக்கும், ஹீட்டர் காத்த சூடாக்கும். ரீசர்க்குலேஷன்ல போட்டா சூடு வீணாகாது, ஆனா ஈரம் உள்ளயே சுத்தும். நான் கொஞ்ச நேரம் உள் காத்து, கண்ணாடி மங்க ஆரம்பிச்சா வெளி காத்துனு மாத்தி மாத்தி போடுவேன்.

அதே நேரம் ஆள சூடு பண்றது மலிவு, காத்த சூடு பண்றது காஸ்ட்லி. சீட் ஹீட்டர் 50ல இருந்து 100 வாட்தான், ஒரு ஃபேன் அளவு. உங்க வண்டில இல்லனா 12 வோல்ட் சாக்கெட்ல சொருகுற சீட் பேட் கிடைக்குது, அம்மா சீட்டுக்கு போட்டுடுங்க. மூட்டுக்கு ஹாட் வாட்டர் பேக் வைங்க. ஹீட்டர 26ல வைக்காம 20, 21ல வைங்க. எங்க அம்மா பாண்டில இருந்து வந்தப்ப நான் பண்ணது இதுதான், கார்லயே தூங்கிட்டாங்க.

#9 சில்வர் பீச் (கடலூர்)

ஆவி பாயிண்ட் ஒத்துக்கறேன். ஆனா 21 டிகிரிய ஹீட்டர் வச்சு கொண்டு வரணும்னா கடலூர்க்காரிக்கு சிரிப்புதான் வருது, எங்க ஸ்டாஃப் ரூம் ஏசிய நாங்க 24க்கு கீழ விட்டா சண்டை.

#10 முத்தியால்பேட்டை டயர்கடை (புதுச்சேரி)

டயர பத்தி யாரும் பேசல. குளிர் ஏற ஏற காத்து அழுத்தம் எறங்கும், 5, 6 டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ. பாண்டில 30 டிகிரில 33 அடிச்சிட்டு போனா, ஊட்டி 5 டிகிரில கிட்டத்தட்ட 4 பிஎஸ்ஐ எறங்கணும். டயர் அமுங்குனா உருள இழுக்கும், யூனிட் கூட ஆகும். அதனால 2, 3 பிஎஸ்ஐ கூடவே அடிச்சிட்டு போகச் சொல்லலாமா? நான் அப்படி சொல்றதில்ல, ஏன்னா ஊட்டி போய்ட்டு வர்ற கஸ்டமருங்க மேல போய் செக் பண்ணா காத்து கொறயவே இல்லனு சொல்றாங்க. காரணம் யாருக்காவது தெரியுமா?

#11 நெய்வேலி யூனிட் (நெய்வேலி)

அருமையான கேள்வி. கேஜ் காட்டுறது டயர் உள்ள இருக்கிற அழுத்தத்துக்கும் வெளி காத்து அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். ஊட்டி உசரத்துல வெளி காத்து அழுத்தம் கடற்கரைய விட கால்வாசிக்கு கொஞ்சம் கம்மியா கொறஞ்சிருக்கும், பிஎஸ்ஐ-ல சுமார் மூணரை. அப்ப குளிரால 4 எறங்குது, உசரத்தால மூணரை ஏறுது, கேஜ்ல சமமா தெரியுது. அதனால லோகு, பாண்டில காலைல வண்டி ஓடாம இருக்கும்போது கம்பெனி சொன்ன அளவு அடி, மேல போய் கை வைக்காத. கிரெனோபிள் தம்பிக்கு இது பொருந்தாது, அங்க அடிவாரத்துலயே குளிர், அவரு குளிர்காலத்துல காத்து ஏத்தித்தான் ஆகணும்.

இதே மாதிரி இன்னொண்ணு. குளிர் காத்து அடர்த்தி, 30 டிகிரிய விட 0 டிகிரில 11 சதவீதம் கூட, அதனால ஐரோப்பா ஹைவேல 120ல போறவங்களுக்கு காத்து எதிர்ப்பே தனியா ஒரு பங்கு யூனிட்ட தின்னும். ஊட்டில உசரத்தால காத்து லேசு, அதுவும் காட் ரோட்டுல 30ல போறப்ப காத்து ஒரு கணக்கே இல்ல. அங்க எழுதுன டிப்ஸ அப்படியே இங்க எடுத்து போட்டா இதான் பிரச்சனை.

#12 கிரெனோபிள் பாண்டிக்காரன் (பிரான்ஸ்)

ஆமா நாங்க காத்து ஏத்துவோம். டயரே மாத்துவோம். இங்க மலை மாவட்டங்கள்ல நவம்பர் 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும் குளிர்கால டயர் போடணும், இல்ல செயின் வண்டில வச்சிருக்கணும், 2021ல இருந்து சட்டம். அந்த டயர் ரப்பர் மெத்துனு இருக்கும், அதனால உருள கூடுதலா இழுக்கும். ரேஞ்ச் விழுறதுல அதுக்கும் பங்கு உண்டு.

#13 குறிஞ்சிப்பாடி குமாரு

அண்ணே எறங்கும்போது சார்ஜ் ஏறும்னு சொல்றாங்களே, ஊட்டில ஃபுல்லா போட்டுட்டு இறங்குனா 100க்கு மேல போயிடுமா 😅

#14 நெய்வேலி யூனிட் (நெய்வேலி)

சிரிக்காதீங்க, இதுதான் எல்லாரும் மாட்டுற எடம். 100ல இருந்தா கரண்ட் போக எடம் இல்ல, ரீஜென், அதாவது எறங்கும்போது மோட்டாரே வண்டிய புடிச்சு பேட்டரிக்கு கரண்ட் ஏத்துறது, வேலை செய்யாது. பேட்டரி ஜில்லுனு இருந்தாலும் பிஎம்எஸ் ரீஜென்ன கட் பண்ணும், சார்ஜருக்கு சொன்ன அதே காரணம். காலைல ஹோட்டல்ல இருந்து 100 சதவீதத்தோட, ஜில் பேட்டரியோட கிளம்புனா ரெண்டும் சேந்துக்கும். ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா வண்டி தானா நிக்கும்னு பழகுன கால், திடீர்னு வண்டி வழுக்கிக்கிட்டு போற மாதிரி இருக்கும். அப்புறம் முழு எறக்கமும் பிரேக் பேட்தான் தாங்கணும், சூடாகி வாடை வரும். 80, 85ல நிறுத்திட்டு இறங்கு. கணக்குப்படி மேட்டுப்பாளையம் வர்றதுக்குள்ள மூணு, மூணரை யூனிட் திரும்ப ஏறியிருக்கும், அதாவது 8, 9 சதவீதம். டீசல்ல செகண்ட் கியர் போட்டு இறங்குறவங்களுக்கு இந்த ஓசி கிடையாது தாத்தா.

#15 டீசல் தாத்தா (பண்ருட்டி)

செகண்ட் கியர்ல என்ஜின் டீசலே குடிக்காதுப்பா, அது மட்டும் என்ன.

#16 நெய்வேலி யூனிட் (நெய்வேலி)

குடிக்காது, ஒத்துக்கறேன். ஆனா டேங்க்ல ஏறவும் ஏறாது.

#17 லாசுபேட்டை லோகு (புதுச்சேரி)

ஹோட்டல்ல பேசுனேன், சார்ஜர் இல்ல, 15 ஆம்ப் சாக்கெட் மட்டும் தர்றாங்களாம். போதுமா? ஊட்டிக்குள்ள ஃபாஸ்ட் சார்ஜர்ல காலைல போட்டுக்கலாமா?

#18 சில்வர் பீச் (கடலூர்)

15 ஆம்ப் தாராளம், 3 கிலோவாட் பக்கம் ஏறும், ராத்திரி பூரா போட்டா 25, 30 யூனிட். ஆனா எர்த் ஒழுங்கா இருக்கானு மட்டும் செக் பண்ணுங்க. ஒரு மலை ஊர்ல எங்களுக்கு சாக்கெட்ல எர்த் இல்லாம சார்ஜர் செகப்பு லைட்ட காட்டிக்கிட்டு உக்காந்துடுச்சு, ரிசப்ஷன்ல இருந்தவரு டிவியெல்லாம் ஓடுதேனு வாதாடுறாரு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மட்டும் போடாதீங்க, உருகிடும். கூட ஒரு எர்த் டெஸ்டர் எடுத்துக்கங்க, மின்சார கடைல சல்லிசா கிடைக்கும்.

#19 கிரெனோபிள் பாண்டிக்காரன் (பிரான்ஸ்)

ஃபாஸ்ட் சார்ஜர காலைல வேணாம். மலை ஏறி வந்த உடனே பேட்டரி சூடா இருக்கும், அப்பவே போடுங்க. ராத்திரி பூரா 4, 5 டிகிரில நின்ன வண்டிய விடிஞ்சதும் கொண்டு போய் 50 கிலோவாட் சார்ஜர்ல சொருகுனா பாதி கூட இழுக்காது, பின்னாடி நிக்கிறவங்க மொறைப்பாங்க. இங்க ஸ்கீயிங் போறவங்க எல்லாரும் போன உடனேதான் சொருகுவாங்க. நான் அல்ப் டுவெஸ் போவேன், 21 பெண்டு, 1860 மீட்டர், அடிவாரத்துல இருந்து ஆயிரத்து நூறு மீட்டருக்கு மேல ஏத்தம். ஏறி முடிச்சதும் பேட்டரி கும்முனு இருக்கும்.

இன்னொண்ணு, சின்ன சின்னதா சுத்தாதீங்க. ஹோட்டல்ல இருந்து ஏரிக்கு போய், திரும்பி, மறுபடி மார்க்கெட் போய்னு போனா ஒவ்வொரு தடவையும் ஜில் கேபின மொதல்ல இருந்து சூடாக்கணும், அதுலதான் யூனிட் கரையும். ஒரே சுத்துல முடிங்க. நிறுத்தும்போது வெயில் படுற எடமா பாருங்க. நம்ம ஊர்ல நிழல் தேடுற புத்திய மாத்திக்கணும்.

#20 குறிஞ்சிப்பாடி குமாரு

டாஷ்ல காட்டுற கிலோமீட்டர நம்பலாமா அண்ணே?

#21 நெய்வேலி யூனிட் (நெய்வேலி)

நம்பாத. அது நீ கடைசியா ஓட்டுன விதத்த வச்சு குத்துமதிப்பா சொல்லும். ஏறும்போது 70 கிலோமீட்டர்தான்னு பயமுறுத்தும், இறங்கும்போது 400னு ஆசை காட்டும். சதவீதத்த மட்டும் பாரு. எல்எஃப்பி செல்லுனா கிளம்புறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு தடவ 100 வரைக்கும் ஸ்லோ சார்ஜ் போட்டுடு, அதுக்கு வோல்டேஜ் நடுவுல சமமாவே நிக்கும், அப்பப்ப ஃபுல் ஆனாதான் சதவீதம் சரியா காட்டும்.

#22 டீசல் தாத்தா (பண்ருட்டி)

சரி எல்லாம் இருக்கட்டும், நார்வே ஸ்வீடன்ல எப்படி ஓட்டுறான் அப்போ?

#23 கிரெனோபிள் பாண்டிக்காரன் (பிரான்ஸ்)

தாத்தா, 2024ல நார்வேல வித்த புது கார்ல பத்துக்கு கிட்டத்தட்ட ஒம்போது கரண்டு வண்டி. அங்க அவங்க ஆட்டோமொபைல் சங்கமே வருஷா வருஷம் பனில நிறைய வண்டிய நிக்கிற வரைக்கும் ஓட்டி ரேஞ்ச் டெஸ்ட் பண்ணி வெளியிடுது, வண்டிக்கு வண்டி ரொம்ப வித்தியாசம் வரும். வாங்குறவன் அத பாத்துட்டு, குளிர்கால ரேஞ்ச வச்சு கணக்கு போட்டுதான் வாங்குறான். வீட்டுக்கு வீடு சார்ஜர் வேற.

#24 லாசுபேட்டை லோகு (புதுச்சேரி)

எல்லாருக்கும் நன்றி. அவிநாசில சாப்பாடு, அங்கயே 85 வரைக்கும் சார்ஜ், மேட்டுப்பாளையம் 70க்கு மேல போய் சேந்துடலாம், மேல போன உடனே சார்ஜ், அம்மாவுக்கு சீட் பேட். அப்பா மட்டும் தாத்தா கட்சி, மச்சான் வண்டிய கேளுடானு இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காரு. வேற ஏதாவது விட்டுட்டனா?

#25 முத்தியால்பேட்டை டயர்கடை (புதுச்சேரி)

இ-பாஸ். 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு போற வெளியூர் காருக்கு ஆன்லைன்ல எடுக்கணும், கல்லார் செக்போஸ்ட்ல கேப்பாங்க, பிஒய் (புதுச்சேரி) ரிஜிஸ்ட்ரேஷன்னா கண்டிப்பா நிறுத்துவாங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலும் உள்ள விட மாட்டாங்க, அம்மாவுக்கு சுடுதண்ணி ஃபிளாஸ்க்ல எடுத்துக்கங்க. கிளம்புறதுக்கு முன்னாடி கடைக்கு வாங்க, ஸ்டெப்னிக்கும் சேத்து காத்து பாத்து அனுப்புறேன்.